ஏறுது... ஆனா இறங்குது!

"ஐயோ... போச்சு... கண்ணு முன்னாடியே உயிர் போகுதே..."

அலறல் மாடி அறையிலிருந்து வந்தது!

கீழே பாதி முகத்தில் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த மாமனார், ரேசரைப் போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். அவருக்குத்தான் ஓய்வு, அவருடைய சந்தேகம் இன்னும் சர்வீஸில் இருந்தது!

கதவைத் தள்ளினார்.

ரத்தம் இல்லை. பிணம் இல்லை. கறுப்புக் கோட்டு போட்ட மருமகள் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜையில் அவளுடைய லேப்டாப்.

"யாருக்கும்மா உயிர் போகுது?"

"இதுக்குத்தான் மாமா. சார்ஜ் ஏற மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல வீடியோ கோர்ட்டு."

நுரையையும் தாண்டி மாமனார் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

மருமகள் வக்கீல். இத்தனை வருடமும் சீனியருக்கு ஜெராக்ஸ் எடுத்தே தேய்ந்தவள். இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு ஜாமீன் மனுவைத் தனியாக வாதாடச் சொல்லியிருக்கிறார். தோற்றால்... மறுபடியும் ஜெராக்ஸ் மெஷின்தான்!

கட்சிக்காரன் பெயர் 'பூனை'. போலீஸ் வைத்த பெயர். ஒரு வீட்டில் லேப்டாப்பும் அதன் சார்ஜரும் காணாமல் போக, தெருமுனையில் நின்ற பூனையின் பையில் ஒரு சார்ஜர் சிக்கியது. லேப்டாப் சிக்கவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்து, "என்னுடையதேதான்" என்றார். மொத்த வழக்கும் அந்த ஒரு சார்ஜரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது!

"போன்ல வாதாட வேண்டியதுதானே?" என்றார் மாமனார்.

"போன வாரம் ஒரு வக்கீல் ஓடுற பஸ்ல இருந்து போன்ல வாதாடியிருக்கார். நடுவுல கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டுட்டாராம். அன்னியிலேருந்து போன்ல யாரும் வரக்கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்."

"அப்போ இது திட்டமிட்ட சதி. யாரும் எதையும் தொடாதீங்க." மாமனார் நுரையைத் துடைத்துக்கொண்டார். "இத கடைசியா நல்லபடியா பாத்தது யாரு?"

"நான்தான்."

"அப்போ உன்மேலதான் முதல் சந்தேகம்."

"மாமா..."

பக்கத்து அறைக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்செட் தொங்க நாத்தனார் வந்தாள். ஏதோ ஒரு கம்பெனியின் கஸ்டமர் கேரில் வேலை. வீட்டிலிருந்தே பார்ப்பதால் வீட்டாரும் கஸ்டமர்கள் ஆகிவிட்டார்கள்!

"வணக்கம் அண்ணி. உங்க சிரமத்துக்கு வருந்தறோம். ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஆஃப் பண்ணா திரும்ப வராதுடி."

"உங்க பொறுமைக்கு நன்றி. பிளக் பாயிண்ட்ல கரண்ட் வருதா?"

மேஜைக்குப் பின்னால் கையை விட்டு, மேஜை விளக்கைச் செருகினாள். எரிந்தது.

"சுவர் மேல தப்பில்ல," என்றார் மாமனார்.

நாத்தனார் டார்ச் அடித்து லேப்டாப்பின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். தூசி, துரும்பு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் இருந்த இன்னொரு ஓட்டையில் செருகிப் பார்த்தாள். ஒயரை மாற்றிப் பார்த்தாள்.

"இப்போ ஏறுதுன்னு காட்டுது அண்ணி. மின்னல் படம் வருது பாருங்க."

"அது முதல்லேருந்தே காட்டுது. அதுக்குக் கீழ இருக்கற நம்பரப் பாரு. பன்னெண்டு இருந்தது, இப்போ ஒன்பது."

மூவரும் திரையையே பார்த்தார்கள்.

எட்டு.

ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறது!

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு பொய் சாட்சிய நான் பாத்ததில்ல," என்றார் மாமனார்.

நாத்தனார் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய், சுவரில் செருகியிருந்த சார்ஜரைப் பிடுங்கி வந்தாள். எறும்பு எழுதியது போன்ற எழுத்து. கண்ணை இடுக்கிப் படித்தாள்.

"அண்ணி... இது உங்க சார்ஜரே இல்ல."

"என்னடி சொல்ற?"

"இது பதினெட்டு வாட். போனுக்குப் போடறது. உங்க லேப்டாப்புக்கு அறுபத்தஞ்சு வேணும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி டைப் சி வாய்ங்கறதால உள்ள போயிடுது. ஆனா யானைப் பசிக்கு சோளப்பொரி. இது ஊட்ட ஊட்ட லேப்டாப் அதுக்கு மேல தின்னுடுது."

"ஆள்மாறாட்டம்!" மாமனாரின் கண்கள் பளபளத்தன. "நல்லவன் இடத்துல போலிய வச்சிட்டு நல்லவனக் கடத்திட்டான். வீட்டு ஆளுதான். நேத்து இந்த ரூமுக்குள்ள யார் யார் வந்தீங்க?"

அப்போது...

கீழே அவருடைய போன் அலறியது!

நாத்தனார்தான் ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் போன். மறு கையில் அதன் வாலோடு சேர்த்துப் பிடுங்கிய தடித்த வெள்ளை சார்ஜர்.

"அப்பா. இது என்ன?"

மாமனார் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"அப்பா..."

"சீக்கிரம் ஏறுதும்மா. நேத்து சாயங்காலம்தான் மாத்தினேன். ரெண்டும் வெள்ளை, ரெண்டுக்கும் ஒரே வாய். என்ன பெரிய வித்தியாசம்னு நெனச்சேன்."

"வேலியே பயிர மேஞ்சிருக்கு அண்ணி. இத்துடன் உங்க புகார் முடித்து வைக்கப்படுகிறது."

மருமகளுக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதியிருப்பாள். நேரமில்லை. சரியான சார்ஜரைச் செருகினாள்.

ஏழு... எட்டு... ஒன்பது...

வழக்குப் படங்களைத் திறந்தவள், அப்படியே உறைந்தாள். போலீஸ் கைப்பற்றிய சார்ஜரின் படம். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"மாமா... நீங்க திருடினதுக்கு ரொம்ப நன்றி," என்றாள்.

*

திரையில் நீதிபதி. பக்கத்துச் சதுரத்தில் அரசு வக்கீல். ஜெயில் சதுரத்தில் பூனை, பரம சாதுவாக.

"புகார் கொடுத்தவரே அடையாளம் காட்டியிருக்கார்," என்றார் அரசு வக்கீல். "அதே வெள்ளை நிறம். அதே வாய். இதுக்கு மேல என்ன வேணும்?"

"நாப்பத்தேழு வாட் வேணும், யுவர் ஆனர்," என்றாள் மருமகள்.

"புரியல," என்றார் நீதிபதி.

"காணாமப் போன லேப்டாப்போட கம்பெனி கொடுக்கறது அறுபத்தஞ்சு வாட் சார்ஜர். போலீஸ் பிடிச்சது பதினெட்டு. படத்துலயே அச்சடிச்சிருக்கு. அந்தச் சார்ஜர் என் கட்சிக்காரரோடது. அவர் போனுக்கு. முதல் நாள்லேருந்து அதைத்தான் சொல்றார், யாரும் நம்பல."

"ஒரே வாய்தானே? வேலை செய்யாமப் போயிடுமா?" அரசு வக்கீல் சிரித்தார்.

மருமகள் மாமனாரின் பதினெட்டு வாட் போன் சார்ஜரை லேப்டாப்பில் செருகி, திரையைப் பகிர்ந்து காட்டினாள். மின்னல் படம் மின்னியது. கீழே எண் இறங்கியது.

"என் மாமனார் மாத்தி வச்சிட்ட போன் சார்ஜர் இது. ஏறுதுன்னு சொல்லிட்டே இறங்குது, யுவர் ஆனர்."

நீதிபதியின் சதுரம் திடீரென்று காலியானது!

நாற்காலி மட்டும் தெரிந்தது. மேஜைக்கு அடியில் ஏதோ உருளும் சத்தம். பிறகு, கலைந்த தலையோடு நீதிபதி மேலே வந்தார். கையில் ஒரு வெள்ளை சார்ஜர்.

"என் லேப்டாப்பும் ஒரு மாசமா இப்படித்தான் என் உயிர எடுக்குது," என்றார். "பதினெட்டுன்னுதான் போட்டிருக்கு. இத்தனை நாளா லேப்டாப்பைத் திட்டிட்டு இருந்தேன்."

அரசு வக்கீல் வாயைத் திறந்தார்.

"நீங்க உக்காருங்க. ஜாமீன் வழங்கப்படுது."

மருமகள் மைக்கை அணைத்துவிட்டு, நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் வருகிற அழுகை. ஜெராக்ஸ் மெஷினுக்கு இனி வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்!

*

மறுநாள் மாலை.

காலிங் பெல் அடிக்கவில்லை. ஆனால் ஹாலின் நடுவில் பூனை நின்றிருந்தான்!

"கதவு பூட்டியிருந்ததே?" என்றார் மாமனார்.

"பழக்கதோஷம் சார். மன்னிச்சிடுங்க." பூனை மருமகளைப் பார்த்துக் கும்பிட்டான். "மேடம், எனக்காக அவ்வளவு பேசினீங்க. வெறுங்கையோட வர மனசு வரல."

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை அவள் கையில் வைத்தான்.

"உங்க வீட்டுல சார்ஜருக்கு சண்டைன்னு கோர்ட்டுல நீங்க சொன்னப்பவே புரிஞ்சுது. இனி ஆளுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

பிரித்தாள். தடித்த வெள்ளை சார்ஜர். புரட்டினாள்.

அறுபத்தைந்து வாட்!



"இது... எங்க வாங்கின?"

"வாங்கலையே மேடம். அந்த வீட்டு மேஜை மேலதான் இருந்துச்சு." பூனையின் முகத்தில் கள்ளம் இல்லை. "நீங்க சொன்னது அத்தனையும் சத்தியம். பதினெட்டு என்னோடதுதான். அறுபத்தஞ்சுதான் அவரோடது. லேப்டாப் வித்துப் போச்சு, இது மட்டும் மிச்சம். வர்றேன் மேடம்."

போனான். கதவு திறந்த சத்தமும் இல்லை. மூடிய சத்தமும் இல்லை.

மருமகள் கையிலிருந்ததை வெறித்துப் பார்த்தபடி நின்றாள்.

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"முதல் கேஸ ஜெயிச்சிட்டம்மா. அடுத்த கேஸும் வந்தாச்சு."

"யார் மேல மாமா?"

"திருட்டுப் பொருள் யார் கையில இருக்கோ அவங்க மேலதான். சீக்கிரமா ஒரு நல்ல வக்கீலாப் பாரு."