கொக்கியில் ஒரு முகமூடி

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் ஸப்ரான் காலைச் சாப்பாட்டுப் பாணை மென்றபடியே எடுத்தார்.

"சேர், குளோரின் பெக்டரியில காஸ் லீக். ஆள் ஒண்டு முடிஞ்சி."

மிச்சப் பாண் தட்டிலேயே கிடந்தது.

பள்ளிவாசல்துறைக்கு அப்பால், கடல்நீர் தேங்கும் களப்பை ஒட்டி அந்தத் தொழிற்சாலை. உப்பிலிருந்து குளோரின் எடுத்து, சிலிண்டர்களில் அடைத்து விற்கிறார்கள். ஜீப் போய் நின்றபோது காற்று வாயுவைக் களப்புப் பக்கம் துரத்திவிட்டிருந்தது. வேலியோரச் செடிகளின் இலைகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. அவற்றின் கீழே இரண்டு காகங்கள்... அசைவில்லை.

சிலிண்டர் அறை வாசலில் றொகான் குப்புறக் கிடந்தான். முப்பது வயது. கழுத்தில் தலவில அன்னம்மாள் கோயில் பதக்கம், பச்சை பூத்து. முகத்தில் வாயு முகமூடி.

ஸப்ரான் குனிந்து பார்த்தார். பட்டிகள் இறுக்கமாக இருந்தன. கன்னத்தில் றப்பர் பதிந்திருந்தது.

"ஒழுங்காத்தானே போட்டிரிக்கிறான்? பொறகு எப்பிடி?"

"அவசரத்தில சரியாப் போட்டிருக்க மாட்டான் சேர்," என்றார் மனேஜர் தோமஸ். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆர் உள்ளுக்கு அனுப்பின?"

"நான்தான்."

பின்னாலிருந்து வந்தது குரல். பாதுகாப்பு அதிகாரி சுதர்சினி. அழுதழுது கண் சிவந்திருந்தது.

"சிலிண்டர் வால்வில கசிவு எண்டு தெரிஞ்சுது. பூட்டிட்டு வா எண்டன். வாசல் கொக்கியில தொங்கின முகமூடியைப் போட்டுக்கொண்டுதான் போனவர். திடீரெண்டு வால்வு கழண்டிட்டுது..."

முதலாளி தங்கரத்தினம் தலையிலடித்துக்கொண்டார். "எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கிறன் இன்ஸ்பெக்டர். இது விதி."

ஸப்ரான் முகமூடியைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கையுறையைக் கழற்றியபடி சொன்னார். "நுரையீரல் வெந்து போயிருக்கு. அவ்வளவு காஸ் உள்ள போனா ரெண்டு மூண்டு மூச்சுத்தான்."

"முகமூடி இருந்தும்?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கோணும்."

பிணவறைக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் முகமூடியை வைத்தார் ஸப்ரான். முன்னால் இருந்த வடிகட்டி டப்பாவைத் திருகிப் பிரித்தார். வாயுவை உறிஞ்சும் கரி அதற்குள் இருக்க வேண்டும்.

கொட்டியது கரியல்ல.

தும்புத் தூள். கயிறு திரிக்கும் இடங்களில் குவிந்து கிடக்குமே, அதே தென்னந்தும்புத் தூள்.

கொன்ஸ்டபிள் அக்மல் வாயைப் பிளந்தான். "சேர், இது..."

"கொலை. நீயும் நானும் மட்டுந்தான் கண்ட. டொக்டருக்கும் சொல்லாத."

றொகானின் மனைவி ஷானிகா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுகை வற்றியிருந்தது.

"அவருக்கு ஆரோடையும் கோவம் இரிந்திச்சா?"

"இல்ல சேர். மார்க்கண்டு அண்ணர் செத்ததில இருந்து மனுசன் சரியா நித்திரை கொள்ளல்ல."

"எந்த மார்க்கண்டு?"

"சிலிண்டர் ஏத்துறவர். முன்னமொருக்கா லீக் வந்தப்ப செத்தவர். அண்டைக்கு அலாரம் அடிக்கல்ல. வயரை ஆரோ முதலே கழட்டி வச்சு, பொறகு திரும்பப் பூட்டினது எண்டு இவர் கண்டுபிடிச்சவர். அரசாங்க லேபர் கந்தோருக்குப் போய்ச் சொல்லப் போறன் எண்டார்."

"ஆர் கழட்டின எண்டு சொன்னாரா?"

"இல்ல. அந்த ஆளுக்கு முகத்துக்கு நேரே சொல்லிட்டுத்தான் போவன் எண்டார். முதுகுக்குப் பின்னால போறது சரியில்லையாம்."

நல்ல மனுசன், என்று நினைத்தார் ஸப்ரான். அந்த நல்ல குணம்தான் அவனைத் தின்றிருக்கிறது.

மறுநாள் முதலாளி, மனேஜர், சுதர்சினி மூவரையும் சிலிண்டர் அறைக்கு வெளியே கூப்பிட்டார். கையில் ஒரு முகமூடி. அதை எல்லோர் கண் முன்னாலும் பழைய கொக்கியில் மாட்டினார்.

"றொகான் போட்டிருந்த முகமூடி. பாத்தாச்சு, ஒரு குறையும் இல்ல. காஸ் கடுமை. விபத்து எண்டு எழுதப் போறன்."

தங்கரத்தினம் பெருமூச்சு விட்டார். தோமஸ் சிலுவை போட்டுக்கொண்டார். சுதர்சினி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள்.

"பாவம், நல்ல பிள்ளை," என்றாள்.

அப்போதுதான் அலாரம் அலறியது.

காதைக் கிழிக்கும் சத்தம். அந்த இடத்தில் எப்போதும் இருக்கும் குளோரின் நெடி திடீரென்று எல்லோர் மூக்கிலும் இரட்டிப்பானது.

"லீக்!" என்று அக்மல் எங்கிருந்தோ கத்தினான்.

முதலாளி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாரத்தை மடித்துக்கொண்டு கேற்றுக்கு ஓடினார். தோமஸ் பிரமை பிடித்து நின்றார். சுதர்சினி கொக்கியைத் தாண்டி, நடையின் அந்தக் கோடியில் இருந்த முகமூடிப் பெட்டியை நோக்கிப் பாய்ந்தாள்.

ஸப்ரான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். மறு கையில் கொக்கி முகமூடி.

"அவ்வளவு தூரம் எதுக்கு மிஸ்? இதப் போடுங்க."

"விடுங்கோ! அதில்ல!"

"காஸ் வருது. போடுங்க!"

முகத்தருகே கொண்டுபோனார். அவள் இரண்டு கைகளாலும் தள்ளினாள்.

"வேண்டாம்! அதுக்குள்ள வெறும் தும்புத் தூள்!"

அலாரம் நின்றது.

"தும்புத் தூளா?" ஸப்ரானின் குரல் தணிந்திருந்தது. "அது எனக்கும் அக்மலுக்கும் மட்டுந்தானே தெரியும்."

சுதர்சினி பின்வாங்கிச் சுவரில் முட்டினாள்.

"அலாரம் வயரைக் கழட்டின நீங்க. மார்க்கண்டு செத்தான். றொகான் உங்க முகத்துக்கு நேரே வந்து சொன்னான். டப்பாவுக்குத் தூளை நிரப்பி, வால்வைத் தளத்தி வச்சி, அவனையே உள்ளுக்கு அனுப்பினீங்க."

அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானா ஆசைப்பட்டுக் கழட்டினன்? அலாரம் அடிக்கிற நேரமெல்லாம் வேலை நிக்குது, கழட்டு எண்டு முதலாளிதான் சொன்னவர். மார்க்கண்டு செத்த பிறகு, வாயைத் திறந்தா நீதான் உள்ள போவாய் எண்டார்."

ஸப்ரான் கேற்றைப் பார்த்தார். தங்கரத்தினம் வெளியே தென்னைமரத்தடியில் மூச்சு வாங்கியபடி நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்த அக்மல் கைவிலங்கோடு அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"சேர், இவரையும் ஏத்தட்டா?"

"முதல்ல அவர ஏத்து."

தோமஸ் சிலிண்டர் அறையை எட்டிப் பார்த்தார். "சேர், அப்ப காஸ்?"

"ஒரு காஸும் இல்ல. அக்மல்தான் பட்டன அமத்தின."

ஜீப்பின் பின்கதவு சாத்தப்பட்டது. தங்கரத்தினம் கம்பி வலையில் முகத்தை ஒட்டினார்.

"இன்ஸ்பெக்டர், எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் திறந்து விடுங்கோ."

ஸப்ரான் முன் இருக்கையில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"இப்பவே முட்டினா எப்பிடி ஐயா? இது வெறும் ஜீப். ஜெயில் இன்னும் சின்னது."