புதுப் பெயிண்ட்டுக்குக் கீழே

"சாவியைக் குடுங்க அண்ணி... மணி ஏழாகுது!"

துவார்த்தே அடுக்களை வாசலை மறித்துக்கொண்டு நின்றான். இடலினா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. சாவி அவள் ஏப்ரன் பையில் இருந்தது.

"உன்னைத்தாண்டி கேக்குறான்! காதுல என்ன, ரொட்டியவா அடைச்சு வச்சிருக்கே?" மாமியார் தெயோலிந்தா காபிக் கோப்பையை மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"வியாழக்கிழமை வண்டியைச் சோதனை பண்றவர் வர்றேன்னிருக்காரு அத்தை. ரெண்டே ரெண்டு நாள்..."

"இன்னிக்கு ஆரம்பிக்கலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு மில்காரன் சொல்லிட்டானே! ஏற்கெனவே ரெண்டு தடவை தேதி தள்ளியாச்சு. பனி விழுந்துட்டா எவன்டி சுவத்துக்குப் பெயிண்ட் அடிப்பான்? குளிர்காலம் பூரா நாங்க பட்டினி கெடக்கணுமா?"

இடலினாவின் கணவன் குவால்தெர் தலை குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். எப்போதும்போல அவன் வாயே திறக்கவில்லை.

அமெரிக்காவில் ஃபால் ரிவர் நகரின் பழைய நூற்பாலை ஒன்றுக்கு வெளிச்சுவர் பெயிண்ட் வேலை. ஐந்து மாடி உயரம். அதற்காகத்தான் பழைய பூம் லிஃப்ட் ஒன்றை வாங்கினார்கள். ஆளைக் கூடையில் நிற்கவைத்து நீண்ட இரும்புக் கையால் மேலே தூக்கும் வண்டி. அதை வாங்க, பதினாறு வருடமாக நடத்திவந்த தையல் கடையை நான்கு மெஷின்களோடு இடலினா விற்றுக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை; அவளாகவே கொடுத்தாள். ஆனால் சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனபோது அவள் கண்ணில் ஒன்று பட்டது. வண்டி முழுக்க வெயிலில் வெளுத்திருக்க, கை மடங்கும் முட்டியில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தது. வண்டியில் அடித்திருந்த எண்ணும் காகிதத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு. "பெயிண்ட் அடிக்கிற குடும்பம், பெயிண்ட்டைப் பாத்து பயப்படலாமா?" என்று விற்றவன் சிரித்தான். அண்ணனும் தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

"எனக்குத் தெரியும் அண்ணி," துவார்த்தேயின் குரல் தாழ்ந்தது. "கடையை வித்தது உங்களுக்குப் பொறுக்கல. வண்டியைத் திருப்பிக் குடுக்க வச்சு, மறுபடி கடை போடப் பாக்குறீங்க."

"துவார்த்தே..."

"என்ன இருந்தாலும் நீங்க வெளியிலேருந்து வந்தவங்கதானே! பெத்திருந்தா தெரியும்!"

அவள் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது. ஒன்பது வயதில், சாரத்திலிருந்து விழுந்து அப்பா செத்த அன்றிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு தூங்கியவன்! தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாத குறையே தெரியாமல் அவள் வளர்த்தவன்!

அவள் அசையாமல் நின்ற அந்த ஒரு நொடியில் அவன் சாவியைப் பறித்துக்கொண்டு வெளியே நடந்தான். அண்ணன் பின்னால் போய் வேனைக் கிளப்பினான்.

இடலினா வீட்டுச் செருப்போடு ஓடி, பின்னாலேயே தங்கள் காரை எடுத்தாள். "அங்க வந்தும் மானத்தை வாங்கப் போறியா?" என்று கத்திக்கொண்டே தெயோலிந்தாவும் ஏறிக்கொண்டாள்.

மில் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியின் கூடைக்குள் துவார்த்தே நின்று இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அடுத்து ஏற குவால்தெர் காலைத் தூக்கியபோது, இடலினா அவனை இடித்துத் தள்ளிவிட்டுக் கூடைக்குள் ஏறினாள்.

"இறங்குங்க அண்ணி!"

"மாட்டேன். தூக்கு... போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

"அண்ணி, பைத்தியமா உங்களுக்கு?"

"ஆமாடா, பைத்தியம்தான்! உங்க அப்பாவை இதே மாதிரி ஒரு சுவரடியிலதான் வாரி எடுத்தோம். இன்னொரு தடவை என்னால முடியாது... என்னால முடியவே முடியாதுடா!"

கூடைக் கம்பியைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. குவால்தெர் அந்தக் கையைப் பார்த்தான். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது.

"ரெண்டு பேரும் கீழ இறங்குங்க! துவார்த்தே, நான் சொல்றேன்... இறங்கு!"

இரண்டு ஆள் எடைக்கு ஏழு வாளி வெள்ளைப் பெயிண்ட்டை அவனே கூடையில் ஏற்றினான். எல்லோரையும் தூர விரட்டினான். தரையிலிருந்தே வண்டியை இயக்கினான். முதல் மாடி... இரண்டாவது... மூன்றாவது...

"பாத்தீங்களா? ஒண்ணுமே ஆ..."

துவார்த்தே முடிப்பதற்குள் வெடிபோல ஒரு சத்தம். முட்டியில் கை முறிந்தது. கூடை தலைகுப்புறத் தரையில் மோதி நொறுங்கியது. வாளிகள் சிதறி, இடலினாவின் முழங்கால்வரை பெயிண்ட் தெறித்தது.

முறிந்த இடத்தில் பழைய விரிசல் துருப்பிடித்துத் தெரிந்தது. மேலே மட்டும் மெழுகிப் பூசியிருந்தார்கள்.

துவார்த்தே நசுங்கிய கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சின்னப் பிள்ளைபோல ஓடிவந்து அவள் தோளில் முகம் புதைத்தான். "அம்மா... நான் சொன்னதை மறந்துடுங்கம்மா..." அண்ணி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

தெயோலிந்தா மெல்ல நடந்து வந்தாள். கணவன் செத்த நாளிலிருந்து கழற்றாத கறுப்புச் சால்வையை உருவி, மண்டியிட்டு, மருமகளின் காலில் வழிந்த பெயிண்ட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, என்ன அத்தை இது... எழுந்திருங்க!"

"விடுடி. என் ரெண்டு பசங்களும் உயிரோட நிக்கிறாங்கடி..."

சத்தம் கேட்டு மில்காரன் வந்து, தலையை ஆட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டே உள்ளே போனான். அந்த வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"வேலை போச்சு, கடையும் போச்சு," என்றான் குவால்தெர் உடைந்த குரலில். "இனிமே என்ன பண்ணப்போறோம், இடலினா?"

அவள் மாமியாரைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"தெரியலைங்க," என்றாள். "மொதல்ல எல்லாரும் வீட்டுக்கு வாங்க. யாருமே இன்னும் சாப்பிடல."