வேர்த்த குழாய்

துப்பறிவாளரின் அறைக்குக் காலையிலேயே வந்த அந்தப் பெண்மணி நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். நீர்த்தேக்கத்துக்குக் கீழே அவளும் கணவரும் மீன்பண்ணை நடத்துகிறார்கள். முந்தின நாள் விடிந்தபோது முன்தொட்டி மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. அவள் தம்பிதான் விஷம் கலந்தான் என்று கணவர் போலீசில் சொல்லிவிட்டார். தம்பி இப்போது ஸ்டேஷனில் இருக்கிறான். மாலைக்குள் வழக்குப் பதிந்துவிடுவார்கள்.

"அதுக்கு முந்தின நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. இத்தனை மீனை ஒரே தொட்டியில அடைச்சா எல்லாம் செத்துத்தான் போகும்னான். அதைப் போய் மிரட்டல்ங்கிறார்."

துப்பறிவாளர் அவள் விரலைப் பார்த்தார். வெள்ளி மோதிரம் கறுத்திருந்தது. தொட்டியில் இறங்கி மீன் அள்ளியதிலிருந்து இப்படித்தான் இருக்கிறது என்றாள். தண்ணீர் அழுகின முட்டை மாதிரி நாறியதாம்.

"விஷமேதான்," என்றார் துப்பறிவாளரின் மைத்துனர். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். இதுவரை வந்த வழக்குகள் எல்லாவற்றிலும் விஷம்தான் கண்டுபிடித்திருந்தார். போன வாரம் தொலைந்த சைக்கிளிலும்.

"கொஞ்சம் சும்மா வாங்க மச்சான்," என்றார் துப்பறிவாளர்.

பண்ணையில் கணவர் கேட்டிலேயே கையை ஆட்டி மறித்தார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான், இனி என்ன விசாரணை என்றார். துப்பறிவாளர் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். பின்தொட்டியில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மீன்கள் செத்த அன்று இதற்குத் தண்ணீர் மாற்றவில்லை என்றாள் கூட வந்த பெண்மணி. நீர்த்தேக்கத்திலிருந்து வரும் இரும்புக் குழாய் முன்தொட்டியில் விழுந்தது. அவர் அதைத் தொட்டார். வெதுவெதுப்பாக, உலர்ந்திருந்தது.

"நேத்து இதுக்குக் கீழதான் வழுக்கி விழுந்தேன். ஒரே ஈரம்," என்றாள் அவள்.

"ஒழுகுச்சா?"

"இல்லை. பைப்பே மேலெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு."

துப்பறிவாளர் நீர்த்தேக்கத்தின் மதகுக்காரரை வரச் சொன்னார். வந்தவர் கேட்பதற்கு முன்பே, எப்போதும் போல மேல் மதகைத்தான் திறந்தேன் என்றார். கணவர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். மைத்துனர் ஒரு மீனின் வாயைத் திறந்து முகர்ந்தார்.

"அதைக் கீழ போடுங்க," என்றார் துப்பறிவாளர். பிறகு மதகுக்காரர் பக்கம் திரும்பினார். "வெயில் காலத்துல மேல் தண்ணி சூடாகி லேசாயிடும். அடித்தண்ணி குளிர்ந்து கனமா அப்படியே கிடக்கும். எண்ணெயும் தண்ணியும் மாதிரி, மாசக்கணக்கா ஒண்ணோட ஒண்ணு கலக்காது. கீழ காத்து போகாது. மக்குற இலைதழை இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் தின்னுடும். அதுல மீன் மூச்சு விட முடியாது. நாத்தம், கறுத்த வெள்ளி, எல்லாம் அந்தத் தண்ணியோட வேலை. மேல் தண்ணி வந்தா குழாய் ஏன் வேர்க்கணும்? குளிர்ந்த சொம்புதானே வெளியில வேர்க்கும்?"

மதகுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அடி மதகைத் தொறந்திருக்கீங்க. நீங்களா தொறக்க மாட்டீங்க. யார் கேட்டாங்க?"

மதகுக்காரர் கணவரைப் பார்த்தார். எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றார் கணவர், எரிச்சலோடு. "மீன் மேல வந்து வாயைப் பிளக்குதுன்னு இவ தம்பி கத்தினான். சரி, ஆழத்துத் தண்ணி ஜில்லுனு சுத்தமா இருக்குமேன்னு கேட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

துப்பறிவாளர் கண்ணை மூடித் திறந்தார். "இப்பதானே சொன்னேன்?"

"இதை ஏன் நேத்தே சொல்லலை?" என்றாள் மனைவி.

"யாரும் கேக்கலையே."

அவள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "கிளம்புங்க. உங்க வாயால சொன்னதை உங்க வாயாலயே இல்லைன்னு சொல்லுங்க."

ஸ்டேஷனில் கணவர் சொன்னது இன்ஸ்பெக்டருக்கு மூன்றாம் முறைதான் புரிந்தது. சட்டை கசங்கிய தம்பி வெளியே வந்தான். அக்கா கணவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அக்கா, பின்தொட்டி?"

"உயிரோட இருக்கு."

"அதுக்கு எந்தத் தண்ணி விடுறீங்க?"

அவள் கணவரையே பார்த்தாள்.

"மேல் தண்ணி," என்றார் அவர்.

தம்பி வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினான். கணவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.