பெரியவர் விரட்டி விட்டார்

சிலுவைராஜின் செருப்பு ஏலச்செடிக்கு இந்தப் பக்கம் கிடந்தது.

சிலுவைராஜ் அந்தப் பக்கம் கிடந்தான்.

சுற்றிலும் யானைத் தடங்கள். உடும்பஞ்சோலை ஏலக்காட்டின் காவலாளி இனி எதற்கும் காவல் இல்லை.

"ஆனைதான். கேஸ் கழிஞ்சு," என்றார் மலையாளி எஸ்.ஐ. "பாடியை எடுக்கலாம்."

"கழியலை சார்." இறந்தவனின் மனைவி கத்தரீனாள். அழவில்லை. "இது கொலை."

எஸ்.ஐ. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"சாகுததுக்கு முன்ன அவுக போன் போட்டாக. 'பெரியவரு வெரட்டி விடுதாரு'ன்னாக. அவ்வளவுதான்... கட் ஆயிட்டு."

"அதுதானே ஞானும் சொல்றேன். காட்டுல ஆனை பேரை நீங்க சொல்ல மாட்டீங்க. பெரியவர்னுதானே சொல்றது?"

"ஆமா. ஆனா ஆனை வெரட்டும் சார். வெரட்டி விடாது. வெரட்டி விட ஆள் வேணும்."

எஸ்.ஐ.யின் பேனா நின்றது.

மலையில் இன்னொரு பெரியவரும் உண்டு...

பூபதிராஜா! வடகரப்பதியிலிருந்து வந்து இந்த ஏலக்காட்டு எஸ்டேட்டை வாங்கியவர். ஊரே அவரை அப்படித்தான் அழைக்கும். அவர் திருட்டுத்தனமாக ஈட்டி மரம் வெட்டியதைப் போன வாரம் வனத்துறையிடம் சொன்னவன் சிலுவைராஜ்.

கூட்டத்தில் நின்ற மொபைல் கடைக்காரன் ரிஜின் குனிந்தான். பிணத்தின் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை உருவினான்.

ஏலக்காய்த் திருடர்கள் காவலாளியை வேவு பார்க்க ட்ரோன் விடுகிறார்கள் என்று, எஸ்டேட்டுக்கு அவன் வாங்கிக் கொடுத்த ரிசீவர். பக்கத்தில் ட்ரோன் பறந்தால் பீப் அடிக்கும். அதை விடுகிறவன் நிற்கும் இடத்தையும் காட்டும்.

"சேச்சி... பதிஞ்சிருக்கு. ட்ரோன் ஒண்ணு ரொம்பத் தாழப் பறந்திருக்கு. அந்த இரைச்சலைத் தேனீன்னு நெனச்சு ஆனை மிரண்டு ஓடும். அண்ணன் நின்ன பக்கமா வெரட்டியிருக்காங்க."

"விட்டது யாரு?"

"பெரியவரு பங்களா மொட்டைமாடியில இருந்து, சேச்சி."

கத்தரீனாள் இப்போதுதான் அழுதாள். நீதி கையெட்டும் தூரத்தில் இருந்தது.

எஸ்.ஐ. கை நீட்டி ரிசீவரை வாங்கினார். பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேற காப்பி உண்டோ?"

"இல்ல சார். இது ஒண்ணுதான்."

ஜீப் வந்து நின்றது. ரோஜா மாலையோடு இறங்கினார் பூபதிராஜா. மாலையைப் பிணத்தின் மேல் வைத்தார்.

"தங்கமான பையனுங்க. என்னோட தம்பி மாதிரி."

"சார், இது உங்க எஸ்டேட் சாதனமில்லையா?" எஸ்.ஐ. ரிசீவரை நீட்டினார். "அடுத்தவங்க பொருள் ஸ்டேஷன்ல இருக்கப்படாது."

"சார்...!" கத்தரீனாள் பாய்ந்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பூபதிராஜாவின் கட்டைவிரல் கருவியின் மேல் ஊர்ந்தது. ஒரே ஒரு பீப்.

"அடடா, என்னமோ அமுக்கிட்டனுங்க. பூராவும் அழிஞ்சு போச்சு."

ரிஜின் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அந்த ஆனையைச் சும்மா உடாதீங்க," என்றார் பூபதிராஜா. "இன்னும் எத்தனை தாலி அறுக்குமோ."

விடவில்லை. அடுத்த வாரம் மயக்க ஊசி போட்டார்கள். கால்களில் வடம் கட்டி லாரியில் ஏற்றினார்கள். பூபதிராஜா தேங்காய் உடைத்து வழியனுப்பினார்.

ரோட்டோரம் கறுப்புச் சேலையில் நின்றாள் கத்தரீனாள்.

"அதுக்கு ஜாமீன் கெடைக்காதா ரிஜின்?"

"எப்படிக் கெடைக்கும் சேச்சி? அது பேருல எஸ்டேட் இல்லியே."