ரிலீஸ் சொல்லும்வரை அசையாதே!

"ஐயோ... கை சில்லுனு இருக்கே!"

அந்த அலறலை நாடே நேரடி ஒளிபரப்பில் கேட்டது. கேட்டுக் கைதட்டியது.

டி.வி. ஷோவுக்காகப் போட்ட வீடு அது. ஒலிபெருக்கி 'ஃப்ரீஸ்' என்றால் போட்டியாளர்கள் சிலையாகிவிட வேண்டும். 'ரிலீஸ்' என்று சொல்லும்வரை அசையக் கூடாது. அசைந்தால் அவுட்!

'கலகலப்பு' என்று ரசிகர்கள் கொண்டாடிய போட்டியாளன் சோபாவில் இருந்தான். பார்க்க வந்த மனைவி தொட்டதும் சரிந்தான்.

செத்திருந்தான்.

வாசல் காவலாளி போன் செய்து இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோதும், மற்றவர்கள் நின்ற இடத்திலேயே சிலையாக நின்றார்கள். 'டீச்சர்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண் தண்ணீர் டம்ளரை நீட்டியபடி நின்றாள். கண்ணிலிருந்து மட்டும் நீர் கொட்டியது.

"டம்ளரைக் கீழ வைங்கம்மா!"

ம்ஹூம்.

இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினார். கலகலப்பின் மனைவியும் பின்னால் ஓடி வந்தாள்.

"யோவ் டைரக்டர்! ரிலீஸ் சொல்லுய்யா!"

"ஒரே நிமிஷம் சார்... க்ளோசப் போயிட்டிருக்கு..."

இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடுங்கினார்.

"ரிலீஸ்!"

திரையில் டம்ளர் விழுந்து நொறுங்கியது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நெஞ்சு வலிக்குதுன்னார்... தண்ணி எடுத்துட்டு ஓடினேன்... அப்பதான் ஃப்ரீஸ்னு குரல் வந்துது! பாவி நான், நின்னுட்டேனே!"

டைரக்டர் எழுந்து நின்றார். "நடிக்கிறான்னு நெனைச்சேன் சார்! அவன் எப்பவும் கோமாளித்தனம் பண்றவன்..."

"என்னை ஞாயித்துக்கிழமைதான் வரச் சொல்லியிருந்தாங்க," என்றாள் மனைவி மெதுவாக. "இன்னிக்குத் திடீர்னு பக்கத்து லாட்ஜுக்கு வண்டி அனுப்பிட்டாங்க. தலை சீவக்கூட விடல சார்..."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"நடிப்புன்னு நெனைச்சவன் எதுக்குய்யா அந்தம்மாவ அவசரமா வரவழைச்சே? சாகப் போறான்னு தெரிஞ்சுதானே ஃப்ரீஸ் சொன்னே! இவங்க வந்து அழுற வரைக்கும் யாரும் காப்பாத்திடக் கூடாது... அதானே?"

"ஷோவை இழுத்து மூடப் போறாங்க சார்... ரேட்டிங் இல்ல..."

அவர் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது இன்ஸ்பெக்டருக்கு.

"அப்பவே தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரா சார்?" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலையில் சிவப்பு விளக்கு மினுக்கியது. அசிஸ்டென்ட் எப்போதோ கேமராவை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தான். தொழில் கற்றுக்கொடுத்த குருவையே நாடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தான்!

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

செல்போன் அலறியது. அவருடைய வீட்டுக்காரி!

"என்னங்க! டி.வி.ல உங்களத்தான் காட்டுறாங்க! அக்கம்பக்கமெல்லாம் நம்ம வீட்லதான் உக்காந்திருக்கு..."

"அதுக்கென்ன இப்ப?"

"விலங்கை இப்ப மாட்டித் தொலைச்சிடாதீங்க... பாவிங்க விளம்பரம் போட்டுட்டாங்க!"