குன்றிமணி அளவு

காலை பத்து ஐம்பதுக்குக் கஸ்தூரி போட்ட அலறல் தெருக்கோடி வரை கேட்டது.

ஆறு மாதப் பிள்ளை அவள் மடியில் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தான். உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு எப்போதாவது ஒன்று வந்தது.

1967ஆம் வருஷம், பங்குனி மாதம். எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே இரண்டு மைலில் இருந்த அந்தக் கிராமத்துக்கு அன்று அம்மை குத்த ஆரம்ப சுகாதார நிலையத்து ஜீப் வந்திருந்தது. அதனால்தான் பிள்ளை பிழைத்தான். ஓடி வந்த டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது.

"அபினி. யாரோ கொடுத்திருக்காங்க" என்றார்.

பதினோரு மணிக்கு ஜீப் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. பிள்ளையின் தகப்பன் காசிராஜன் கூடப் போனார். கஸ்தூரி வாசற்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டதால், அவளைக் கவனிக்க ஹெல்த் விசிட்டர் சௌந்தரத்தை டாக்டர் விட்டுப்போனார்.

சௌந்தரத்துக்கு நாற்பது வயது. தோளில் ஒரு துணிப்பை. அதில் பிள்ளைகளை எடை போடும் தராசும், எடையைக் குறிக்கும் நோட்டும். இந்த வீட்டுக்கு அவள் மாதம் ஒரு தடவை வருவாள்.

பதினொன்றே முக்காலுக்கு சப்-இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அதற்குள் அந்த வீடு குற்றவாளியைத் தீர்மானித்துவிட்டது. கொல்லைப்புற வேப்பமரத்தடியில், இரண்டு பண்ணையாட்கள் காவலில், பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் கிளையில் அவள் பிள்ளையின் துணித்தொட்டில். காலடியில் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"யாரு இவ?" என்றார் சங்கரபாண்டியன்.

"பிள்ளைக்குப் பால் கொடுக்க வாரவ" என்றாள் காசிராஜனின் அக்கா சுந்தராம்பாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. "எங்க கஸ்தூரிக்குப் பால் ஊறலை. இவளும் அதே வாரத்துல பெத்தவ, கண்மாய்க்கு அந்தப்பக்கத்துக் குடிசைக்காரி. ரெண்டு நேரம் வந்து கொடுத்துட்டுப் போவா."

"இவளுக்கு என்ன ஆத்திரம்?"

"பொறாமைதான் ஐயா. எந் தம்பி மகன் கொழுகொழுன்னு இருக்கான். அவ பிள்ளை வத்தலாட்டம் கிடக்கு. பெத்த வயிறு எரியாதா?"

சௌந்தரம் நோட்டைப் புரட்டினாள். ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். போன மாத எடை, இந்த வீட்டுப் பிள்ளைக்குப் பதினைந்து ராத்தல். பொன்னுத்தாயின் பிள்ளைக்கு ஒன்பது. பக்கத்தில், நாலு மாதமாக ஒரே குறிப்பை அவளே எழுதியிருந்தாள்: 'தாய்ப்பால் போதவில்லை. சோர்வாக இருக்கிறான்.'

போன மாதம் இதைக் காட்டியபோது, "அவுக பிள்ளைகளுக்கு எலும்பே அப்படித்தான் நர்சம்மா" என்று சுந்தராம்பாள் சொல்லியிருந்தாள். சௌந்தரம் பதில் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

பன்னிரண்டு பத்துக்கு விசாரணை தொடங்கியது.

"எத்தனை மணிக்கு வந்த?"

"விடிஞ்சு ஏழு இருக்கும் சாமி."

"அபினியை எங்க வச்சிருந்த?"

"அபினிக்கு நான் எங்க போவேன்? பால்தான் கொடுத்தேன்."

"முந்தியில முடிஞ்சு வச்சிருப்ப."

"முந்தி எது சாமி?" என்றாள் பொன்னுத்தாய். "வந்ததும் இந்தக் கிணத்தடியில குளிக்கணும். எஞ் சீலையைக் கொடியில போட்டுட்டு, இவுக எடுத்து வைக்கிற சீலையைக் கட்டிக்கிட்டுத்தான் உள்ள போகணும். தலைமயிரைக்கூட அவுத்து உதறச் சொல்லுவாக."

"ஆமா ஐயா" என்றாள் சுந்தராம்பாள் பெருமையாக. "எங்க வீட்டுச் சுத்தம் அப்படி. நானே பக்கத்துல நின்னு பாப்பேன். அவ பிள்ளையை நடைக்குள்ள விடமாட்டோம். ஆனா ஒண்ணு, குறை வைக்கிறதில்ல. அதுக்குச் சளி மருந்துகூட நாந்தான் கொடுக்கேன்."

சௌந்தரம் பொன்னுத்தாயைப் பார்த்தாள். சேலையின் முன்பக்கம் முழுக்கப் பால் கசிந்து நனைந்திருந்தது. ஏழு மணிக்குப் பிறகு யாரும் குடிக்கவில்லை.

அவள் உள்ளே போனாள்.

கஸ்தூரி ஊஞ்சலில் கிடந்தாள். இருபத்தோரு வயது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏழு மணிக்கு அப்புறம் பிள்ளைக்கு என்னம்மா கொடுத்தீங்க?"

"ஒண்ணும் கொடுக்கலை. அவகிட்டக் குடிச்சதுதான்."

"பத்து மணிக்கு அழுதானா?"

"தினமும் அழுவான்." கஸ்தூரியின் குரல் மாறியது. "நான் தூக்கினா அழுவான். அவ வாடை பட்டா சிரிப்பான். பெத்தது நான், நர்சம்மா. எம் மடியில ஒரு நாளு கண்ணசந்ததில்ல."

"இன்னைக்கு?"

கஸ்தூரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சௌந்தரம் அடுக்களைக்குப் போனாள். அலமாரியில், பிள்ளைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடை கவிழ்த்து வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம். ஒன்றும் புகட்டாத வீட்டில் பாலாடையைக் கழுவியது யார்? கீழ்த்தட்டில் உப்புச் சாடி. அது இருந்த இடத்தில் வட்டமாகத் தடம். சாடி தடத்தைவிட்டு ஒரு விரற்கடை விலகியிருந்தது. பின்னால் கையை விட்டாள். ஒரு சுண்ணாம்பு டப்பி அகப்பட்டது. உள்ளே சுண்ணாம்பு இல்லை. கறுத்துப் பிசுபிசுத்த ஒரு துண்டு, கசப்பு வாடையோடு.

கொல்லையில் சங்கரபாண்டியன் மேசையைத் தட்டிக் கத்தினார். நாய் குரைத்தது. பண்ணையாள் ஒருவன் தகரத்தை உருட்டிவிட்டான்.

சௌந்தரம் அப்படியே நின்றாள். பிறகு டப்பியோடு கொல்லைக்கு ஓடினாள்.

மணி ஒன்று ஐந்து.

"ஐயா, நீங்க வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒண்ணேகால் மணி நேரம். ஏன் நர்சம்மா?"

"அலறல், ஜீப்பு, மோட்டார் சைக்கிள், நாய். ஊரே முழிச்சிருக்கு. அந்தத் தொட்டில்ல இருக்கிறவன் ஒரு தடவையாவது சிணுங்கினானா? தாய்க்குப் பால் வழியுது. ஆறு மாசப் பிள்ளை ஆறு மணி நேரமா பசிக்கலைன்னு கிடக்கான்."

"அவன் எப்பவும் சமத்துங்க" என்றாள் பொன்னுத்தாய். சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது.

சௌந்தரம் பிள்ளையைத் தூக்கி இமையை விலக்கினாள். கண்மணி கடுகளவு.

"இவனுக்குமா?" என்றார் சங்கரபாண்டியன்.

"இவனுக்குத்தான் முதல்ல. நாலு மாசமா." சௌந்தரம் டப்பியைத் திறந்து காட்டினாள். "இதுதானே உங்க சளி மருந்து?"

சுந்தராம்பாள் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா மூட்டுவலிக்கு வாங்கி வச்சது. கடுகளவுதான் கொடுப்பேன். அது தூங்கினா அவகிட்டப் பால் மிஞ்சும். எங்க பிள்ளை வயிறு நிறையவேண்டாமா?"

"அதுக்கு எம் பிள்ளை..." என்ற பொன்னுத்தாய் எட்டிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப காசிராஜன் பிள்ளைக்கும் இவுகதானா?" என்றார் சங்கரபாண்டியன்.

"இல்ல. எந்தத் தம்பி மகனுக்காக இதைச் செஞ்சாகளோ அவனுக்கு இவுக கொடுக்கமாட்டாக. பொன்னுத்தாய் முடிச்சுகூட இல்லாமத்தான் உள்ள போனா, அதுக்கு இவுகளே சாட்சி." சௌந்தரம் நடைப்பக்கம் திரும்பினாள். கஸ்தூரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "பாலாடையைக் கழுவினது நீங்க. ஒண்ணும் கொடுக்கலைன்னு சொன்னதும் நீங்க."

கஸ்தூரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"தினமும் பாத்தேன். மதினி உப்புச் சாடிக்குப் பின்னால இருந்து எடுத்து அவ பிள்ளைக்கு மட்டும் கொடுப்பாக. அது அழாம அவ மடியில கிடக்கும். எனக்குப் பொறுக்கலை. எம் பிள்ளைக்கு இல்லாத மருந்து அவ பிள்ளைக்கு எதுக்குன்னு இருந்துச்சு."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"அதுக்குக் கடுகளவு கொடுத்தாக. நம்ம பிள்ளைக்குக் கூட இருக்கட்டுமேன்னு..." அவள் விரலால் காட்டினாள். குன்றிமணி அளவு.

மணி ஒன்று நாற்பதுக்கு ஜீப் திரும்பி வந்தது. பிள்ளை அழுதுவிட்டான், பிழைத்துக்கொண்டான் என்றார் டிரைவர். சௌந்தரம் பொன்னுத்தாயையும் பிள்ளையையும் ஏற்றினாள். தன் பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்று கஸ்தூரி கெஞ்சினாள். அவளையும் ஏற்றிக்கொண்டாள்.

சங்கரபாண்டியன் பேனாவை மூடப் போனார். "நர்சம்மா, எங்கிட்ட இருக்கிறது ஒரு புகார்தான். அதுலயும் தாயே அறியாம கொடுத்தது."

"அது உங்க பாடு. ரெண்டாவது பிள்ளைக்குப் புகார் நான் எழுதித் தாரேன். நாலு மாச எடை இந்த நோட்டுல இருக்கு. நான் பாத்தும் கேக்காம போனேன்னு அதையும் சேத்து எழுதிக்கோங்க."

அவர் சுந்தராம்பாளைப் பார்த்தார். பேனாவை மறுபடி திறந்தார்.

மாலை ஆறு பத்து. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பொன்னுத்தாயின் பிள்ளை முதலில் முனகினான், பிறகு ஈனமாக அழுதான். நாலு மாதத்தில் அவள் அந்தச் சத்தத்தை இப்படிக் கேட்டதில்லை. வாரி எடுத்து மார்பில் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த கட்டிலில் பெரிய வீட்டுப் பிள்ளையும் பசியில் வீறிட்டான். அவள் வாடைக்கு முகத்தைத் திருப்பிக் கை நீட்டினான். கஸ்தூரி அவனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். கூசிக் கூசி, "பொன்னுத்தாயி" என்றாள்.

பொன்னுத்தாய் நிமிரவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவன் குடிச்சு முடிக்கட்டும்மா" என்றாள்.

அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கஸ்தூரி காத்து நின்றாள்.