இரட்டைத் தையல்

பூனைக்காக ஒரு லாரி நிற்கலாம். நல்ல மனசுள்ள ஓட்டுநராக இருந்தால் நிற்பார். ஆனால் இருபது அடி தள்ளி, எஞ்சினைக்கூட உறுமவிடாமல், அத்தனை பொறுமையாக நிற்க மாட்டார். மெஷினுக்கு முன்னால் இருந்த ஜன்னல் வழியாக அதைப் பார்த்த தையல்காரிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடியே ஏதோ நெருடியது. துணிக்குள் விட்டுப்போன குண்டூசி மாதிரி, எங்கே என்று தெரியாமல் குத்தியது.

சாயங்காலம் ஆறரை. மழைக்காலம் என்பதால் அதற்குள் நன்றாக இருட்டியிருந்தது. பூனை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. கடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, உலா போனது. அதன் கழுத்தில் அவள் தைத்து மாட்டியிருந்த வெள்ளிப் பட்டை விளக்கொளியில் பளிச்சென்று மின்னியது. எதிர்ப்பக்கம் வந்த காரும் நின்றது. அதுவும் தள்ளித்தான். கார்க்காரர் பூனையைப் பார்க்கவே இல்லை. பூனைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில் எதையோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பூனை எதிரே இருந்த காலி மனைப் புல்லுக்குள் நுழைந்தது. அதன் பிறகும் சிறிது நேரம் யாரும் அசையவில்லை. பிறகு இரண்டு வண்டிகளும் உத்தரவு கிடைத்த மாதிரி ஒன்றாகக் கிளம்பின.

"பட்டை வேலை செய்யுது பாத்தியா," என்றார் பின்னால் வந்து நின்ற கணவர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அவருக்கு வேலை. கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை இருக்கும். "இன்ஸ்பெக்டருக்கு ரோட்டுல என்னா மரியாதை."

இன்ஸ்பெக்டர் என்பது பூனைக்கு அவர் வைத்த பெயர். பொழுது சாய்ந்ததும் ரோந்து போகாவிட்டால் அதற்குத் தலை வெடித்துவிடும். ஜன்னல்களுக்கு வலை அடித்துப் பார்த்தாள். பின்கட்டுக்குக் கம்பிக் கதவு போட்டாள். வண்டிகள் நெரியும் நேரம் ஆறிலிருந்து எட்டு என்பதால், சரியாக ஆறு மணிக்குத் தகர டப்பாவைக் கரண்டியால் தட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிடப் பழகினாள். அது வந்து சாப்பிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, அவள் அசந்த நேரம் பார்த்து நழுவிவிடும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பைக் அதன் வால் நுனியை உரசிக்கொண்டு போனது. அந்த வீட்டில் அவளைத் தேடி வந்து மடியில் உட்காரும் உயிர் அது ஒன்றுதான்.

பட்டை நல்ல பட்டை. அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவள் கணவரிடம் சொல்லவில்லை.

சாலை வேலை செய்பவர்கள் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டுகளை வீட்டிலேயே தைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். கையில்லாத கோட்டு, நெஞ்சில் இரண்டு வெள்ளிப் பட்டை, முதுகில் அகலமாக ஒன்று. முதுகுப் பட்டைக்கு இரண்டு வரிசைத் தையல் போட வேண்டும். அது கண்டிப்பு. ஒருமுறை கம்பெனி வேன்காரத் தம்பி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், பாபினில் நூல் தீரப்போகிறது, கடைசிக் கட்டில் நாலு கோட்டு பாக்கி. ஒற்றை வரிசையோடு விட்டுவிட்டாள். யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் வீட்டு முன்னாலேயே சாலையைத் தோண்டித் தார் போட்டார்கள். ஒரு பாதிதான் திறந்திருக்கும். வண்டிகளை நிறுத்தவும் விடவும், இடது கையில் சிவப்பும் வலது கையில் பச்சையுமாக ஒரு கொடிக்காரர் நின்றார். வயசானவர், பேச்சு குறைவு. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பார். பூனை அவர் கால்களைச் சுற்றிச் சுற்றி உரசும். அவள் பதறிப்போய் ஓடினால் சிரிப்பார்.

"விடும்மா. நான் நிக்கிற வரைக்கும் இது மேல ஒரு வண்டி படாது."

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு அவள் மெஷினில் இருந்தாள். பிரேக் சத்தம் கேட்டது. அவருக்குப் பின்னால் இருந்து வந்த வண்டி. ஆளே தெரியவில்லை, ஒரே இருட்டாக இருந்தது என்று அந்த ஓட்டுநர் தலையில் கையை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னாராம்.

இரண்டு வாரம் கழித்து வேன்காரத் தம்பி பழுது பார்க்க வேண்டிய கோட்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து போட்டான். "அடியில இருக்கறது விபத்துல போன யாரோடதோ அக்கா. எரிச்சிடச் சொன்னாங்க," என்றான். அவன் போன பிறகு எடுத்துப் பார்த்தாள். கழுத்தின் உட்புறம் நீல நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருந்தது. அவள் வைக்கும் அடையாளம். முதுகுப் பட்டை கிழியவில்லை. ஒற்றைத் தையல் நூல் உருவி, ஒரு முனையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. கோட்டைப் பின்கட்டில் எரித்தாள். பட்டையை எரிக்கவில்லை. அதில் ஒரு கீறல்கூட இல்லை. நீளத்தில் பாதியை வெட்டி, நடுவில் எலாஸ்டிக் வைத்து, பூனைக்குக் கழுத்துப் பட்டை தைத்தாள். இரண்டு வரிசைத் தையல் போட்டாள். மீதிப் பாதி மெஷின் டிராயரில் கிடந்தது. நெஞ்சு குறுகுறுத்தது உண்மைதான். ஆனாலும் பூனை பிழைக்க வேண்டுமே.

மறுநாளும் அதேதான் நடந்தது. ஆறரைக்கு வண்டிகள் நின்றன. பூனை வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. நடுச்சாலையில் ஓரிடத்தில் நின்று, உடம்பை வளைத்து, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி ஒரு முறை, இன்னொரு முறை உரசிவிட்டுப் போனது. ஜன்னல் வலை வழியே காற்று உள்ளே வந்தது. அதில் மழை வாசனை இல்லை. தார் போட்டு முடித்து ஒன்றரை மாதமாகிறது, வந்தது சுடு தார் வாசனை.

"உங்களுக்கு ஏதாவது வாசனை வருதாங்க?"

"எனக்கா? வார்னிஷைத் தவிர எனக்கு என்ன வாசனை தெரியும்?" என்றார் கணவர்.

மூன்றாம் நாள் காலையில் வேன் வந்தது. தம்பி கட்டுகளை இறக்கிக்கொண்டே கேட்டான். "ஏன்க்கா, உங்க வீட்டு முன்னாடி வேலை இன்னும் முடியலையா?"

"அது எப்பவோ முடிஞ்சிடுச்சே தம்பி."

"அப்புறம் எதுக்குக் கொடிக்காரர் நிக்கிறாரு? நேத்து சாயங்காலம் இந்தப் பக்கமா போனேன். சிவப்பைக் காட்டி நிறுத்தி வெச்சிட்டாரு. ஒரு பூனை போச்சு, அப்புறம்தான் விட்டாரு." சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். "ஆனா ஒண்ணுக்கா. முன்னாடி பட்டையெல்லாம் நல்லாத்தான் மின்னுது. தாண்டினதும் கண்ணாடியில பாத்தேன். முதுகுல ஒண்ணுமே இல்ல. கறுப்பா இருக்கு. அப்படி நிக்கவிட்டா, பின்னாடி வர்றவன் என்னத்தைப் பாப்பான்?"

தம்பி போனதும் கதவைத் தாழிட்டு, பூனையைப் பிடித்துக் கழுத்துப் பட்டையை அவிழ்த்தாள். பட்டை சுட்டது. வெயிலில் கிடந்த இரும்பு மாதிரி சுட்டது.

அன்று பூனையை உள் அறையில் போட்டுப் பூட்டினாள். அது கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. ஆறரை ஆனது. கடக்க எதுவும் இல்லாத சாலையில் வண்டிகள் நின்றன. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றன. லாரி, இரண்டு பைக், ஒரு பஸ். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பஸ் ஓட்டுநரின் தலை மெல்லத் திரும்பியது. யாரோ நடந்து போவதைப் பார்ப்பது போல, சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து அவள் வீட்டுக் கேட்டுக்கு.

கேட்டின் கொக்கி ஒரு முறை அசைந்தது.

அவ்வளவுதான். வண்டிகள் கிளம்பின. உள் அறையில் பூனை பிறாண்டுவதை நிறுத்தியிருந்தது. கதவிடுக்கில் மூக்கை வைத்து, அவளைப் பார்த்தால் போடும் அந்தக் குர்ர் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் மெஷினில் உட்கார்ந்தாள். புதுக் கோட்டு ஒன்றை எடுத்தாள். கழுத்துப் பட்டையைப் பிரித்து, டிராயரில் கிடந்த மீதியோடு சேர்த்து ஒட்டுப் போட்டு முதுகில் வைத்தாள். இரண்டு வரிசை. அதன் மேல் இன்னும் இரண்டு வரிசை. ஊசி விரலில் ஏறியது. துடைத்துக்கொண்டு தைத்தாள். "தப்பு என்னுதுதான். என்னுதுதான்," என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். முடித்ததும் கேட்டில் தொங்கவிட்டாள்.

காலையில் கோட்டு இல்லை.

அன்று சாயங்காலம் வண்டிகள் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. வழக்கம்போல ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஓடின. தார் வாசனையும் போய்விட்டது. அவள் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். பூனையைச் சத்தியமாக இனி வெளியே விடுவதில்லை என்று கணவரிடம் சொன்னாள். வலையெல்லாம் போதாது, பின்கட்டு முழுக்கக் கம்பிக் கூண்டாகவே அடித்துவிடலாம் என்றார் அவர். அதற்குள் வெயில் காயவும் மரம் ஏறவும் ஏற்பாடு செய்யலாம் என்று காகிதத்தில் கோடுகூடப் போட்டுக் காட்டினார்.

நாலாம் நாள் கம்பிச் சுருளோடு வந்தார். இரண்டு கையிலும் பாரம். கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கால் இடுக்கில் சாம்பல் நிறமாக ஏதோ வெளியே பாய்ந்தது.

"ஐயோ, இன்ஸ்பெக்டர்," என்றார்.

மணி ஆறரை.

அவள் டப்பாவையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். தட்டினாள். பூனை நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் பட்டை இல்லை. இருட்டோடு இருட்டாக இருந்தது. இடது பக்கமிருந்து லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. தட்டினாள். பூனை திரும்பவில்லை. தட்டினாள்.

லாரி நின்றது. இருபது அடி தள்ளி நின்றது.

இப்போது அவளுக்கும் தெரிந்தது. பூனைக்குப் பக்கத்தில், அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர். லாரியின் விளக்கு எதிர்ப்பக்கம் இருந்தும் முதுகுப் பட்டை அப்படி மின்னியது. நடுவில் ஓர் ஒட்டு. நாலு வரிசைத் தையல், ஒவ்வொரு தையலும் தெரிந்தது. இடது கையில் சிவப்புக் கொடி தூக்கியிருந்தது. பூனை அந்தக் கால்களைச் சுற்றிச் சுற்றி உரசியது.

பட்டையைக் கொடுத்தாகிவிட்டது. வாங்கிக்கொண்டுவிட்டார். வண்டிகளை நிறுத்தியும் வைத்திருக்கிறார். பத்து எட்டு நடந்தால் பூனை. போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

"போகாத," என்றார் கணவர் பின்னால். அவர் எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. "ஏய். போகாத."

போனாள். சுடு தார் செருப்பில் ஒட்டியது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒட்டியது. குனிந்தாள். பூனையை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உயிரோடு இருந்தது.

"மன்னிச்சிடுங்கய்யா," என்றாள் அந்த முதுகிடம்.

முதுகு திரும்பவில்லை. கொடியும் அசையவில்லை. பூனை அவள் பிடியில் நெளிந்தது. தோளில் நகத்தை ஊன்றித் தாவியது. கீழே குதித்து, வாலைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் எதிர்ப்பக்கம் நடந்தது. ஓரத்தைத் தொட்டது. புல்லுக்குள் நுழைந்தது.

அவள் கால்களைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. தார் கணுக்காலைப் பிடித்திருந்தது.

அவள் உடுத்தியிருந்தது கருநீலம். ஒளி பட்டால் திருப்பி மின்ன அவள் மேல் ஒன்றுமே இல்லை. லாரி ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு மெல்ல இறங்கியது.

வலது கை மேலே ஏறியது.